கையில் 6 லட்சம், மனசில் ஸ்போர்ட்ஸ் கார்: பழைய வண்டி தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு ஆசையை இறக்கி வைத்துவிடலாம். இரண்டு கதவு, இரண்டு சீட், பின்சக்கரம் தள்ளும் வண்டி என்று யூடியூபில் பார்க்கிற ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டில் சின்ன பட்ஜெட்டுக்குள் வராது. இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கி ஓட்டுகிறார்கள். அந்த வண்டியை இந்தியாவில் கம்பெனி விற்றதே இல்லை. வெளிநாட்டிலிருந்து முழுசாக இறங்கும் கார்களுக்குப் பல வருஷமாகச் சுங்க வரியே 60 முதல் 100 சதவீதம் வரை இருந்தது. அதனால் போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டிடி போன்றவை எவ்வளவு பழசானாலும் நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்குவதில்லை. கோவாவில் சான் மோட்டார்ஸ் தயாரித்த சான் ஸ்டார்ம் என்ற குட்டி இரண்டு சீட்டர் ஒன்று உண்டு. எப்போதாவது விற்பனைக்கு வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் கண்ணாடியோ பம்பரோ உடைந்தால் எங்கே போவீர்கள்?

ஆகவே இந்தியாவில் குறைந்த காசில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சாதாரண ஹாட்ச்பேக் உடம்பில் டர்போ இன்ஜினும் (காற்றை அழுத்தித் திணித்துப் பவர் கூட்டுவது) இறுக்கமான சஸ்பென்ஷனும் போட்டுக் கம்பெனியே விற்ற வண்டிகள்தான். இவற்றில் பல 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததை ஒட்டி நின்றுபோயின. அதாவது நீங்கள் பார்க்கப்போகிற வண்டி பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் பழசாகத்தான் இருக்கும். அதை ஓட்டியவர் அதை வேகத்துக்காகவே வாங்கியவராக இருப்பார். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள்.

காசைப் பிரித்து வைப்பது

6 லட்சம் இருக்கிறது என்றால் 6 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். வண்டிக்கு நாலே முக்கால் லட்சம், அதுதான் உச்சவரம்பு. மீதியில் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், நாலு டயர், எல்லா ஆயிலும் ஃபில்டரும், பிரேக் பேட், பேட்டரி இதெல்லாம் வரும். இவ்வளவும் செய்தபிறகு ஒரு பெரிய வேலைக்கான தொகை தொடாமல் கிடக்க வேண்டும். டர்போவோ கிளட்சோ எப்போது கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது. 2011 வாக்கில் வந்த ஸ்கோடா லாரா ஆர்எஸ் இன்று ஒரு சாதாரண பழைய ஹாட்ச்பேக் விலைக்கே கிடைக்கலாம். 1.8 லிட்டர் டர்போ, 160 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) பவர், ஆறு கியர் மேனுவல். கேட்டதும் வாய் ஊறும். ஆனால் அது ஷோரூமில் நின்றபோது பெரிய செடான். அதன் ஸ்பேரும் லேபரும் இன்றும் அந்த விலையில்தான். அந்த 1.8 டிஎஸ்ஐ (ஃபோக்ஸ்வாகன் குழுமத்து டர்போ பெட்ரோல்) இன்ஜின் ஆயில் குடிப்பதற்கும் டைமிங் செயின் டென்ஷனர் தொல்லைக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. எட்டு லட்சத்துக்கு வரும் பழைய ஜெர்மன் சொகுசு கார்களுக்கும் இதே கதைதான். புதுசில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள்; பராமரிப்புச் செலவு அதைப் பார்த்துத்தான் வரும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு சின்ன நுணுக்கம். தேர்டு பார்ட்டி பிரீமியம் இன்ஜின் சிசியை வைத்துப் போடுவது. 2022-இல் நிர்ணயித்த கணக்குப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஒரு லிட்டர் டர்போ வண்டிகள் முதல் வகுப்பில் விழுந்துவிடும்.

எந்த வண்டி?

ஃபோக்ஸ்வாகன் போலோவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தேடுபவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 பிஎஸ், 175 என்எம் டார்க், அதாவது இழுவிசை. நெடுஞ்சாலையில் ஓட்டினால் இறங்கவே மனசு வராது. சிக்கல் அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் இருக்கிறது. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் ஆயிலில் ஊறாத டிரை கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களையும், மற்றது 2, 4, 6, ரிவர்ஸையும் பார்த்துக்கொள்ளும். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகி, வண்டி கிளம்பும்போது உதற ஆரம்பிக்கும். கியரை மாற்றித்தரும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஓட்டிப் பார்க்கும்போது மீட்டரில் கியர் எழுத்து மினுக்கினாலோ, ரிவர்ஸ் விழத் தயங்கினாலோ, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பு அதிர்ந்தாலோ, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

2020-இல் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ வேறு ஜாதி. மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், அதே 175 என்எம். மேனுவலில் ஆறு கியர். ஆட்டோமேட்டிக்கில் டிஎஸ்ஜிக்குப் பதிலாக வழக்கமான டார்க் கன்வர்ட்டர் பெட்டி. இந்தியாவில் போலோ 2022-இல் நின்றுபோனது, அதனால் நல்ல வண்டிக்கு விலை இறங்காமல் நிற்கிறது. பட்ஜெட்டில் அடங்கினால், புதிதாக வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதன் மேனுவல்தான்.

அடுத்தது நம்ம ஊர் வண்டி. டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூர் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாகச் செய்த டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி. 2018 அக்டோபரில் வந்தன. நெக்ஸான் குடும்பத்து 1.2 லிட்டர் டர்போவை எடுத்து, 114 பிஎஸ் வரும்படி மாற்றி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கி, அகலமான டயர் போட்டார்கள். டியாகோவின் விலை அப்போது ஷோரூமில் 6.39 லட்சம்தான். அந்த விலையில் வேறு எவனும் இந்த வேகத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம்கூட முழுசாக ஓடாமல் கடையை மூடிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். கதவு, கண்ணாடி, உள் சாமான் எல்லாம் சாதாரண டியாகோவினுடையது என்பதால் சர்வீஸ் பயம் இல்லை. ஜேடிபிக்கு மட்டுமே உரிய பம்பர், அலாய் வீல், சைடு ஸ்கர்ட் ஆகியவை உடையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். அவை கிடைப்பது கஷ்டம். பேட்ஜைப் பார்த்து மயங்க வேண்டாம், ஆர்சியில் மாடல் பெயரைப் பாருங்கள். சாதாரண டியாகோவில் ஜேடிபி ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு மத்தியான வேலை.

மாருதி பலேனோ ஆர்எஸ் 2017 மார்ச்சில் வந்தது. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜின், 102 பிஎஸ், 150 என்எம். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் வண்டியின் எடை 950 கிலோதான். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். மாருதி என்பதால் வீட்டில் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபம், இதையும் ஒரு தகுதியாகவே எண்ணுகிறேன். இந்த இன்ஜின் சாதாரண பலேனோவில் இல்லாதது. அதற்கான உதிரி பாகங்களுக்குக் காத்திருக்க நேரலாம்.

அப்புறம் ஃபியட். 2015 அக்டோபரில் வந்த அபார்த் புன்டோவில் 1.4 லிட்டர் டி-ஜெட் இன்ஜின், 145 பிஎஸ், 212 என்எம். பத்து லட்சத்துக்குள் அப்படி ஒரு வண்டி அதற்கு முன் வந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஃபியட் பெயரில் இந்தியாவில் கார் விற்பனையே இப்போது இல்லை. ஜீப் சர்வீஸ் சென்டர்கள் சில பார்க்கின்றன. மற்றபடி ஃபியட் தெரிந்த தனி மெக்கானிக்குகள்தான் தெய்வம். டி-ஜெட் இன்ஜினில் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். உங்கள் ஊரில், அல்லது ஒரு மணி நேர தூரத்தில், ஃபியட் மெக்கானிக் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

டீசலில் ஒளிந்திருக்கும் வேகக்காரன் ஃபோர்டு ஃபிகோ 1.5. 100 பிஎஸ், 215 என்எம், பார்க்கச் சாதாரண வண்டி. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் சர்வீஸும் ஸ்பேரும் தொடர்கின்றன. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தது, 120 பிஎஸ். நல்ல வண்டி, 6 லட்சத்துக்குள் இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

போனில் கேட்க வேண்டியவை

வண்டியைவிட விற்பவரை முதலில் எடை போட வேண்டும். டர்போ வண்டி ஓட்டத் தெரிந்தவர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்க மாட்டார், சரியான ஆயில் ஊற்றியிருப்பார், பில்லை எடுத்து வைத்திருப்பார். அவரிடம் 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி வாங்கலாம். ஆயில் மாற்றியது ஞாபகம் இல்லை என்கிறவரிடம் 30 ஆயிரம் ஓடியதையும் வாங்கக் கூடாது.

என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்திருக்கிறீர்களா, இன்ஷூரன்ஸில் கிளைம் எடுத்திருக்கிறீர்களா, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது. இந்த ஐந்தையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "நம்ம ஃப்ரெண்டு பேர்ல" என்று பதில் வந்தால் அவர் புரோக்கர். புரோக்கரிடம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஆர்சியில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட நேரில் வருவாரா என்பதை அப்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களோடு மூன்று கை மாறிய வண்டிகள் சந்தையில் சுற்றுகின்றன.

போனை வைப்பதற்கு முன் வண்டி நம்பர் வாங்கிக்கொண்டு பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள். அதிவேகத்துக்காக வரிசையாக அபராதம் கட்டாமல் வைத்திருந்தால் வண்டி எப்படி ஓடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெளிமாநில நம்பர்

டிஎல் (டெல்லி), ஹெச்ஆர் (ஹரியானா) நம்பர் வண்டிகள் நம் ஊர் விலையைவிடக் குறைவாக வரும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று வந்த கெடுதான் அதற்குப் பெரிய காரணம். விலையைப் பார்த்ததும் பாய வேண்டாம். அந்த மாநிலத்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று), அதாவது படிவம் 28 வேண்டும். வண்டியின் விலையையும் வயசையும் வைத்துத் தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடினால் மறுபதிவு கட்டாயம். டாக்ஸ், அலைச்சல், புரோக்கர் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக நிற்காது. புதுச்சேரி நம்பருக்கும் இதே சட்டம்தான், பக்கத்து ஊர் என்பதால் சலுகை கிடையாது.

நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம், காரணம் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ வண்டியில் அது டர்போ சீல் ஆகவும் இருக்கலாம், பிஸ்டன் ரிங் ஆகவும் இருக்கலாம். இரண்டும் மலிவு இல்லை. வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி படிந்திருப்பதும் அதையே சொல்லும்.

டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் பைப்பின் இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் இருப்பது சகஜம், சொட்டினால் சகஜம் இல்லை.

பாடிக்கு வருவோம். பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் கொண்டுபோங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300-க்கு மேல் போனால் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஒரு கதவிலோ ஃபென்டரிலோ இருந்தால் பரவாயில்லை, நம் ஊர் டிராஃபிக்கில் அது நடக்காத வண்டி இல்லை. பில்லரிலோ கூரையிலோ இருந்தால் வேண்டாம். மீட்டர் இல்லையென்றால் ஃபென்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயிண்ட் உடைந்து ஸ்பேனர் தழும்பு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் தயாரிப்பு வருஷக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு வருஷமானால் அந்தப் பக்கத்தை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், கேரளாவில் 2018 ஆகஸ்ட். இந்த மூன்று சமயத்திலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே பத்திரமாக இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர நாற்றம், டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டரில் பச்சை பூத்திருப்பது இவையெல்லாம் அடையாளம். சர்வீஸ் புக்கில் அந்த மாதங்களை ஒட்டி ஒரு பெரிய பில் இருந்தால் என்ன வேலை என்று வரி வரியாகப் படியுங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் அதிகம், தண்ணீர் பட்ட வயரிங் இரண்டு வருஷம் கழித்தும் பழிவாங்கும்.

டயரின் பக்கவாட்டில் டாட் என்ற குறியோடு தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு எண் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு வயசு டயரோடு வேகம் வேண்டாம். நாலும் வெவ்வேறு பிராண்டாக இருந்தால் அந்த ஓனர் மற்றச் செலவையும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஆயிரம் ரூபாய் ஸ்கேனர்

புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஆயுதம் இது. ஆயிரம் ரூபாய் அளவில் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசலாம். ஃபால்ட் கோட் (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறி) ஏதும் இல்லை என்று வந்ததும் திருப்திப்பட்டு எழுந்துவிடாதீர்கள். விற்பவர் நேற்று ராத்திரி அதை அழித்திருக்கலாம்.

பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, கோட் அழித்தபிறகு ஓடிய தூரம். ஆப்பின் பட்டியலில் தேடினால் பெரும்பாலான வண்டிகளில் கிடைக்கும். அது வெறும் 12 கிலோமீட்டர் என்று காட்டினால் உங்களுக்காகவே துடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, ரெடினஸ் மானிட்டர்கள். கம்ப்யூட்டர் தன் சென்சார்களை எல்லாம் தானே சோதித்து முடித்ததா இல்லையா என்று காட்டும் பகுதி அது. கோட் அழித்தாலோ பேட்டரி கழற்றினாலோ இவை முழுமையாகவில்லை என்று நிற்கும், நாலைந்து நாள் பலவிதமாக ஓட்டினால்தான் ஒவ்வொன்றாக முடியும். பேட்டரி புதுசு என்று பில் காட்டினால் சரி. இல்லையென்றால், "ஒரு வாரம் ஓட்டுங்க, மறுபடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் அந்தக் குடும்பத்துக்கே உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது. டிஎஸ்ஜி கிளட்ச்சின் நிலையை அதில்தான் ஒழுங்காகப் படிக்க முடியும்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது வேண்டும். முதல் பத்து நிமிஷம் மெதுவாக, பாட்டுப் போடாமல், கண்ணாடியை இறக்கி. சுவர் ஓரமாகப் போனால் சத்தம் திரும்பி வரும். வீல் பேரிங் முனகல் அப்போது கேட்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். டொக் என்றால் லிங்க் ராடோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கிறது. இவை பேரத்துக்கு உதவும் சின்ன வேலைகள், பயப்பட ஒன்றுமில்லை.

இன்ஜின் சூடானதும், காலியான சாலையில் நாலாவது கியரில் 40-இல் போய்க்கொண்டு முழுசாக மிதியுங்கள். டர்போ இழுவை ஒரே சீராகக் கூட வேண்டும். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வேகம் அதற்கு ஈடாக ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இழுவை வந்து, சட்டென்று அறுந்து, மறுபடி வந்தால் டர்போ அழுத்தும் காற்று எங்கோ கசிகிறது அல்லது இக்னிஷன் காயில் போகிறது. டிஎஸ்ஐ, பூஸ்டர்ஜெட் போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் வால்வின் மேல் படாமல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. அதனால் நாள்பட வால்வில் கரி படியும்; ஐடிலில் லேசாக உதறுவது அதன் அறிகுறி. அபார்த்தின் டி-ஜெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பின்னால் யாரும் இல்லாதபோது 60-இலிருந்து அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரைப் பார்க்க வேண்டும். ஓட்டி முடித்து நிறுத்தியதும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போவுக்கு அது நல்லது. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு "பரவால்ல, ஆஃப் பண்ணுங்க" என்கிறாரா, தலையாட்டுகிறாரா என்பதிலும் அவர் எப்படிப்பட்ட ஓனர் என்று தெரிந்துவிடும்.

மாற்றியமைத்த வண்டி

பெரிய சைலன்சர், ரீமேப், தாழ்த்திய ஸ்பிரிங், 17 அங்குல வீல். "இதுக்கே ஒண்ணரை லட்சம் செலவு பண்ணிருக்கேன்" என்பார்கள். அந்த ஒன்றரை லட்சம் உங்கள் கணக்கில் பூஜ்யம். கழிவு என்றுகூடச் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி தயாரித்த வடிவத்திலிருந்து வண்டியை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் ஓனருக்கு அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய அடி, விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். ரீமேப் செய்து ஓட்டிவிட்டு விற்பதற்கு முன் பழைய நிலைக்குத் திருப்பிய வண்டிகளும் உண்டு. கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்திருப்பது, புது கிளட்ச் பில் மிகக் குறைந்த கிலோமீட்டரில் இருப்பது போன்றவற்றை வைத்து ஊகிக்கலாம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் கூடக் கொடுங்கள்.

பேரம், பணம், பெயர் மாற்றம்

கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஸ்பேரும் லேபரும் எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். வண்டியைக் குறை சொல்லிப் பேரம் பேசினால் இந்த வகை வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும், அவர்கள் அதைப் பிள்ளைபோல வளர்த்தவர்கள். தாளைக் காட்டினால் பேச்சு சுலபமாக முடியும்.

வங்கிக் கடன் அடைத்தும் ஆர்சியில் ஹெச்பி, அதாவது கடன் குறிப்பு, நீக்காமல் இருந்தால், வங்கி என்ஓசியும் படிவம் 35-உம் கைக்கு வந்தபிறகே முழுப் பணம். அட்வான்ஸ் எவ்வளவு, ஆர்சி மாறாவிட்டால் அது திரும்புமா என்பதை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு.

படிவம் 29-உம் 30-உம் பெயர் மாற்றத்துக்கு. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். பெயர் மாறாத பாலிசியில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. விற்றவர் அதைத் தன்னோடு எடுத்துப் போய்விடுவார். ஆகையால் பிரீமியம் நீங்கள் பழைய பாலிசியில் பார்த்ததைவிடக் கூடத்தான் வரும்.

முதல் மாதம்

வண்டி வந்ததும் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். "போன மாசம்தான் மாத்தினேன்" என்றாலும் மாற்றுங்கள், அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. ஆயிலின் தரக்குறி ஓனர் மேனுவலில் இருப்பதுதான். கடைக்காரர் கொடுப்பது வேண்டாம். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது, இந்த வயசு வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல. பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களை மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்து ஆயில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வைத்தால் இரண்டு மாதத்தில் இன்ஜினின் குணம் பிடிபட்டுவிடும்.

மிதித்து ஓட்டிப் பார்க்கும் ஆசையை ஈசிஆரில் தீர்க்க வேண்டாம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவ்வப்போது பொதுமக்கள் சொந்த வண்டியோடு வந்து ஓட்டும் டிராக் டே நடக்கிறது. போவதற்கு முன் பிரேக் ஆயில் மாற்றிவிட்டீர்களா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இழுத்த பழைய ஆயில் சில சுற்றுகளிலேயே கொதித்து, பெடல் மெத்தென்று தரை வரை போய்விடும்.